எட்டே முக்கால் கிராம் உப்பு

“நான்தான் உப்பே போடலியேக்கா, பின்ன ஏன் ரெண்டும் ஒண்ணையொண்ணு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆராய்ச்சி மாணவி எப்சிபா மேஜைமேல் கையை நீட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மிஷின் விளக்கு சூடேற நேரமாகும், மூணே முக்காலுக்கு எழுப்பிருங்க, நாலு மணிக்கு சார் வந்துருவாங்க என்று அவள் முணுமுணுத்ததில் பாதிதான் வெளியே வந்தது. மீதி தூக்கத்துக்குள் போய்விட்டது. மூன்று நாளாகச் சரியாகக் கண்மூடாத பிள்ளை, தூங்கட்டும் என்று நினைத்தாள் செல்லக்கனி. நினைத்தபடியே கழுவுதொட்டியில் கண்ணாடிக் குடுவையைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு நுரைக்குள் கை அப்படியே நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் மணிக்கட்டில் விழுந்து முகத்தில் தெறித்தது. உப்பா என்றாள் வாய்க்குள். உப்பு போடலியா? யார் போடல? நான் போட்டேனே. லிட்டருக்கு எட்டே முக்கால் கிராம், திங்கக்கிழமை தவறாம, இந்தத் திங்கக்கிழமையும் போட்டேனே. அடப் பாவி மட்டை, நான் போட்டேனே! சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். வெளியே பாளையங்கோட்டை வெயில் வேப்பமரத்தைக்கூட அசையவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் கல்லூரியின் இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் குப்பி கழுவி, கரைசல் கலக்கி, யார் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற செல்லக்கனிக்கு, அந்த நிமிஷம் குழாயை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதே மறந்துபோயிற்று.

இரு, பதறாத, ஒழுங்கா யோசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன சொன்னா இந்தப் பிள்ளை அன்னைக்கு? ஜனவரியில், வந்த புதிதில், சோத்துப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். ரெண்டு புரதம். ஒன்று குதிரையின் இதயத்திலிருந்து எடுத்தது, சின்னக் குப்பியில் விலைக்கு வருவது. அதற்குச் செல்லக்கனி வைத்த பெயர் குதிரை. இன்னொன்று எப்சிபா தானே கிருமிக்குள் வளர்த்து, உடைத்து, வடித்து எடுத்தது. அதற்கு ‘உன் பிள்ளை’ என்று பெயர். உன் பிள்ளை எப்படி இருக்கு, இன்னைக்கு மூஞ்சி வெளிறிக் கெடக்கே என்று கேட்டால் எப்சிபா சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். பிள்ளையிடம் ஒரு எலக்ட்ரான் கூடுதலாக இருக்கும், அதைக் குதிரையிடம் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் குதிரையின் செங்காவி நிறம் ரோஜா நிறமாக மாறும், நிறத்தை அளக்கிற மிஷினில் கோடு மேலே ஏறும். அவ்வளவுதான் சங்கதி. குதிரையின் வாசலைச் சுற்றி எல்லாம் பிளஸ், பிள்ளையின் வாசலைச் சுற்றி எல்லாம் மைனஸ். “தண்ணிக்குள்ள ரெண்டும் கண்ணில்லாம உருண்டுக்கிட்டுக் கெடக்கும்க்கா. தற்செயலா முட்டிக்கிட்டாலும் முதுகுல முட்டும், விலாவுல முட்டும், அதனால ஒண்ணும் நடக்காது. ஆனா இந்த இழுப்பு இருக்குல்ல, அது தூரத்துலயே பிடிச்சுரும். இழுக்கிறது மட்டுமில்ல, திருப்பியும் நிறுத்தும். வாசலுக்கு வாசல் நேரா.” தொடணுமாட்டி என்று கேட்டாள் செல்லக்கனி. “தொடக்கூட வேண்டாம்க்கா. கிட்ட நின்னாப் போதும், எலக்ட்ரான் தானா தாவிரும்.” அப்புறம்? “அப்புறம் விட்டுரணும். கொடுத்த பெறவும் பிடிச்சுக்கிட்டே நின்னா அடுத்த ஆளுக்கு வழி ஏது?” இப்படி ஒன்றைக் கேட்டதும் செல்லக்கனிக்கு என்னவோ செய்தது. தன் கல்யாணத்துக்கு முன்னால், நிச்சயம் மட்டும் ஆகியிருந்த நாளில், சித்தி மகள் கல்யாண மண்டபத்தில், இப்போது புருஷனாகிவிட்ட சுடலைமணி பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இவளோ தாம்பாளத்தில் வெற்றிலை வைத்துக்கொண்டு நின்றாள். இடையில் எத்தனை அத்தைகள், எத்தனை மதினிகள்! அவரைச் சுற்றி இவள் பக்கத்து ஆட்கள் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று மொய்க்க, இவளைச் சுற்றி அவர் பக்கத்துப் பொம்பளைகள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்க்க, காலையிலிருந்து மூணு மணி வரை அவர் எந்த மூலையில் நிற்கிறார் என்றுகூட இவளுக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்து பாய் சுருட்டும்போதுதான், நேரே, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி வந்து நின்று, ‘சாப்பிட்டியா’ என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது, இத்தனைக்கும் நேற்று ராத்திரி அதே மனுஷனோடு கேஸ் அடுப்புத் திரியைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “உப்பும் அப்படித்தான்க்கா,” என்று எப்சிபாவும் சொன்னாளே, “பிளஸ்ஸைச் சுத்தி மைனஸ் உப்பு மொய்ச்சுக்கும், மைனஸைச் சுத்தி பிளஸ் உப்பு. ஒண்ணோட இழுப்பு இன்னொண்ணுக்குப் போய்ச் சேராது.” கேட்டாள், புரிந்தது, கல்யாண மண்டபமே கண்முன் வந்தது, தலையைக்கூட ஆட்டினாள். ஆனால் திங்கள்தோறும் எல்லாருக்கும் கரைசல் கலக்கி வைக்கிற பெரிய பாட்டிலில் தன் கையால் கொட்டுகிற வெள்ளைப் பொடிதான் அந்த உப்பு என்று தோன்றவில்லையே! கையைப் பார்க்காமல் முறுக்குப் பிழிகிறவளிடம் எத்தனை சுற்று சுற்றினாய் என்று கேட்டால் தெரியுமா?

மணி மூன்று. கழுவின குடுவையையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. எல்லாம் பழைய சார் காலத்துப் பழக்கம். ஞானசிகாமணி சார் ரத்தத்தில் வேலை செய்தவர். ரத்த அணுவை உப்பில்லாத தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துப் போகும், அதனால் இந்தக் கூடத்தில் பாஸ்பேட் பஃபர் என்கிற அந்தக் கரைசல் என்றால் உப்பு போட்ட பஃபர்தான், சொல்ல வேண்டியதேயில்லை என்று வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். கல்லூரி முதல்வருக்குச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலும் குறைப்பேன், என் பாட்டிலில் குறைக்கக் கூடாது என்று சிரிப்பார். பத்தாவது பெயிலாகி, இருபத்தெட்டு வயதில் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்தவளிடம் தராசை நம்பிக் கொடுத்த மனுஷர். லேபிளில் பாஸ்பேட், 7.4 என்று மட்டும் எழுதினால் போதும், உப்பை எழுதுவானேன், தண்ணீரையும் எழுதுவீர்களா என்பார். அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பதினோரு வருஷம். ரத்த அணுவும் அவரோடேயே போய்விட்டது. உப்பு மட்டும் போகவில்லை. அடுத்து வந்தவர்களெல்லாம் இங்கேயே படித்து இங்கேயே வளர்ந்தவர்கள், எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்த ஒரே ஆள் இந்த எப்சிபா, மார்த்தாண்டத்துக்காரி. அவளுந்தான் கேட்டாளே! வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “அக்கா, இது சும்மா பாஸ்பேட்தானே?” என்றாள். ஆமா என்று சொன்னது இந்த வாய்தான். பொய்யா சொன்னேன்? பொய் சொல்லலியே. எனக்கு அதுதானே சும்மா பாஸ்பேட். அந்த ஆமாவைச் சொன்னபோது ஜன்னலில் ஒரு மைனா இருந்தது, எப்சிபா பச்சைக் கலர் துப்பட்டா போட்டிருந்தாள், எல்லாம் கண்ணில் நிற்கிறது. மறுபடி மறுபடி அங்கேயே போய் நிற்கிறது மனசு. ‘ஆமா’வுக்குப் பதிலாக ‘ஆமா, உப்பு போட்டிருக்கேன்’ என்று இரண்டு சொல் கூடச் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

மூன்று மாதம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். தினமும் அந்தப் பிள்ளை ஐஸில் புரதத்தை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டை விட்டுவிட்டு மிஷினைப் பார்க்கும். கோடு மூட்டுவலிக்காரி படியேறுவது மாதிரி ஏறும். உலகத்தில் எல்லாப் புத்தகத்திலும் நொடிக்குள் நடக்கிறதாகப் போட்டிருக்கிற சங்கதி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட வருகிற சங்கதி, அவள் கைக்கு வரவில்லை. பிள்ளையின் வாசலில் மைனஸ் ஒன்றை எடுத்துவிட்டால் வேகம் எவ்வளவு குறையும் என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி; எடுக்காததே ஓடவில்லையென்றால் எதை எதோடு ஒப்பிட? புரதம் கெட்டுவிட்டதோ என்று புதிதாக வளர்த்தாள், இரண்டு தடவை. குப்பி அழுக்கோ என்று செல்லக்கனியே அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள், அந்தப் பெரிய பாட்டிலைத் தவிர. அக்கா கலக்கினது தப்பாகவே இருக்காது என்று எப்சிபாவே தன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற சார்கிட்ட சொன்னாள். அது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்துகிறது இப்போது. போன வாரம் சார் எல்லார் முன்னாலும், “படிப்பு வேற, கை வேற. உன் கைக்கு இந்த வேலை வராதும்மா, சீக்கிரம் தெரிஞ்சுக்கிட்டா உனக்குத்தான் நல்லது,” என்று சொல்லிவிட்டார். கெட்டவரில்லை, கண்டிப்பு. இன்றைக்கு நாலு மணிக்கு வருவார், கடைசியாக ஒருதரம் செய்து காட்ட வேண்டும், வரவில்லையென்றால் ஆராய்ச்சியை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடிதம் அடித்தே வைத்திருக்கிறாள், கையெழுத்து மட்டும் பாக்கி. சொல்லிரு செல்லக்கனி, எழுப்பிச் சொல்லிரு. சொன்னால்? பிப்ரவரியில் இவள் சுழற்று மிஷினில் எதிர்ப்பக்கம் எடை வைக்க மறந்து அது தடதடவென்று குதித்தபோது, “இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்,” என்று சார் சொன்னது காதில் கிடக்கிறது. வருஷா வருஷம் ஜூனில் அவர் ஒரு வரி எழுதினால்தான் இவளுக்கு இந்த வேலை. வேலை போனால் சாப்பாட்டுக்கு இல்லாமல் போய்விடாது, சுடலைமணி பார்த்துக்கொள்வார். ஆனால் இந்த அறை? காலையில் வந்து ஜன்னலைத் திறக்கிற வேளை, அக்கா அதைக் காணோம் அக்கா இதைக் காணோம் என்று எம்மெஸ்ஸி படித்ததுகளெல்லாம் தன் பின்னால் சுற்றுகிற சுகம்? வெளியே போனால் இவள் யார்? சுடலை பெண்டாட்டி. இங்கே மட்டுந்தான் செல்லக்கனி.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, பூனை மாதிரி சத்தமில்லாமல். ஏன் சொல்ல வேண்டும்? உப்பில்லாமல் ஒரு பாட்டில் கலக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டால் போச்சு. இருபது நிமிஷ வேலை. பிள்ளை எழுந்திருக்கும், சொட்டை விடும், கோடு ஏறும், சார் கை கொடுப்பார், ஆளுக்கொரு டீ. யாருக்குத் தெரியப் போகிறது? ஐயோ, இது எவ்வளவு லேசு! கை அதற்குள் துடைத்துக்கொண்டு தராசுப் பக்கம் போய்விட்டது. இரண்டு டப்பாவிலிருந்தும் பாஸ்பேட்டை நிறுத்தாள், டிஸ்டில்டு வாட்டரில் கொட்டினாள், கலக்கியைச் சுழல விட்டாள். மூன்றாவது டப்பாவுக்குத் தானாகவே நீண்ட வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம், சொன்ன பேச்சைக் கேட்குமா? மூதி, சும்மா கெட என்று அதட்டினாள். அமில அளவி 7.4 காட்டிற்று. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. இங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவள் அவள்தான், அதனால் வைக்கவில்லை. பழைய பாட்டிலில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றினாள். கடகடவென்று போயிற்று. மூன்று மாதம் இப்படி ஒரு சத்தத்தோடு போய்விடும் என்றால் நல்லதுதான். புதுசை அதில் நிரப்பி, பழைய லேபிள் அப்படியே இருக்க, எப்சிபாவின் மேஜையில் வழக்கமான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். மணி மூன்று முப்பத்தைந்து. முடிந்தது. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

வைத்த கையை எடுக்கும்போது எப்சிபாவின் கை கண்ணில் பட்டது. கவிழ்த்துப் போட்ட தலைக்கு முன்னால் உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து கிடந்தது, பிள்ளைகள் தூங்கும்போது கிடக்குமே அப்படி. கட்டைவிரலில், சொட்டு விடுகிற குழலியை அமுக்கி அமுக்கிக் காய்த்த காய். நகத்தில் ஐஸில் விறைத்த நீலம். மணிக்கட்டில் பேனாவால் சின்னதாக என்னவோ எழுதியிருந்தது. குனிந்து பார்த்தாள். ‘நடுங்காதே’ என்று எழுதியிருந்தது. ஐயோ என் தாயே! செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கையைப் பார்த்து இது நடுங்காதே என்று எழுதியிருக்கிறது, எந்தக் கை நடுங்கியிருக்க வேண்டும்! பதினாறு வயதில், பத்தாவது பெயிலான பிறகு, தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள் அவளை. எவ்வளவு பார்த்து ஓட்டினாலும் தையல் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். டீச்சர் துணியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, இது கோணக்கை, இதுக்கு ஊசி ஆகாது என்றாள். சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள், வேறு என்ன செய்ய? அன்றோடு சரி, முப்பது வருஷம், அறுந்த பித்தான்கூடச் சுடலைமணிதான் தைப்பார். கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொடு என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டால்கூட உள்ளே ஒன்று சுருங்கும். இங்கே தராசில் எட்டே முக்கால் கிராமை முடி பிசகாமல் நிறுக்கிற கை, கோணக்கையாக எப்படி இருக்க முடியும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லையே. ஒருவேளை அந்தத் தையல் மிஷினில்தான் கோளாறோ? பல் தேய்ந்த மிஷினோ? டீச்சருக்கோ வேறு யாருக்கோ அது தெரிந்தும் இருக்குமோ, தெரிந்து அடுத்த வாரம் சத்தமில்லாமல் பல்லை மாற்றிப் போட்டிருப்பார்களோ? யாராவது வந்து, பிள்ள, தப்பு உன் கையில இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! இன்றைக்குக் கோடு ஏறிவிடும், சரி. ஏறினால் இந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? மூன்று மாதம் என் கை தப்பாகச் செய்தது, இன்றைக்கு என்னவோ அதிர்ஷ்டம், நாளைக்கு என்ன ஆகுமோ என்றுதானே நினைக்கும்? நினைத்து நினைத்து மணிக்கட்டில் எழுதிக்கொண்டேதானே இருக்கும், கிழவியாகும் வரைக்கும்? அந்தக் கையை அப்படியே எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினாள்.

“எப்சி. ஏட்டி, எந்திரி.”

“மணி ஆயிட்டாக்கா?”

“ஆகல. நான் ஒண்ணு சொல்லணும், இடையில பேசாத. பேசினா எனக்குச் சொல்ல வராது.” சொன்னாள். ஞானசிகாமணி சாரில் ஆரம்பித்து, ரத்த அணு, திங்கள்கிழமை, எட்டே முக்கால் கிராம், சும்மா பாஸ்பேட்தானே என்று கேட்டது, ஆமா என்று சொன்னது, இப்போது சொல்லாமல் மாற்றி வைத்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையில் கிடந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். திட்டட்டும், கத்தட்டும், எதையாவது எடுத்து எறியட்டும் என்று காத்திருந்தாள். நிமிர்ந்தாள். எப்சிபா பாட்டிலைப் பார்க்கவில்லை, இவளைப் பார்க்கவில்லை, தன்னுடைய இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப,” என்றாள், குரல் தேய, “என் கையில ஒண்ணும் இல்லியாக்கா?”

“இல்லட்டி. ஒண்ணுமே இல்ல. மூணு மாசமும் நீ சரியாத்தான் செஞ்சிருக்க.”

அதற்குப் பிறகுதான் அழுதாள், மூக்கை உறிஞ்சி, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி. அழுதுகொண்டே புதுப் பாட்டிலிலிருந்து ஊற்றினாள், குதிரையை விட்டாள், மிஷின் மூடியைத் திறந்து தன் பிள்ளையில் ஒரு சொட்டை விட்டு ஒரு ஆட்டு ஆட்டி மூடினாள். கை நடுங்கத்தான் செய்தது. செல்லக்கனி கோட்டைப் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். குனிவதற்குள் அது மேலே போய் நேராகப் படுத்திருந்தது. ஏறினதைப் பார்க்கவே முடியவில்லை. “இவ்வளவு வேகமாவாட்டி?” என்றாள். “இவ்வளவு வேகந்தான்க்கா, கண்ணால பார்க்க முடியாத வேகம்,” என்று அழுகையும் சிரிப்புமாக எப்சிபா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எப்சிபா சட்டென்று விலகி, முகத்தைத் துடைத்து, காதோடு சொன்னாள்: “அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. பாட்டில நான்தான் மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிருதேன். எனக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தான் ஜூன் வருது.”

செல்லக்கனிக்கு அவளை அப்படியே வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

“போட்டி கூறுகெட்டவளே. அப்படிச் சொன்னா தப்பு மறுபடியும் உன் கைக்குத்தானட்டி வரும்?”

சேலையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செல்லக்கனி முன்னால் போய் வாசலில் நின்றாள்.

“சார், உக்காருறதுக்கு முன்ன இதக் கேட்டுருங்க. இந்தப் பிள்ளை கையப் பத்தி அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்கள்லா, அது தப்பு. உப்பு போட்டது நான்.”